பன்னிரண்டு அடிச் சீர்

சாத்தையா தன் மனைவி ராக்கம்மாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு சித்திரை மாதக் காலை ஆறு பத்துக்கு, அவள் இடது மணிக்கட்டில் சிவப்பு விளக்கையும் வலது மணிக்கட்டில் பச்சை விளக்கையும் கட்டிக்கொண்டு, கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு, இருபுறமும் மிளகாய் காயும் பிளேன் மேட்டின் நடுப்பாதையில் பதினேழு எட்டு ஓடி, பதினெட்டாவது எட்டைக் காற்றில் வைத்தபோதுதான். ஒரு பனை உயரம் போனதும் திரும்பிப் பார்த்து, "அடுப்புல உலை வச்சிருக்கேன், பொங்கிராமப் பாத்துக்கங்க" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு உலையைப் பார்க்கப் போனார். அதனால் அதற்கு மேல் அவள் எவ்வளவு உயரம் போனாள் என்பதை அவர் பார்க்கவில்லை. உலை பொங்கவில்லை.

கருவக்கோட்டைக்காரர்கள் பிளேன் மேடு என்று சொல்லுவது, யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் அவசர அவசரமாகப் போட்டுவிட்டுப் போன ஒரு விமானத் தளத்தை. யுத்தம் முடிந்த பிறகு அதில் ஒரு பிளேனும் இறங்கவில்லை, ஊர் மிளகாய்தான் இறங்கியது. கருவேலங்காட்டு நடுவே வெயிலை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும் அந்தக் கெட்டித் தரையை அந்தக் காலத்துப் பெரியாட்கள் சுண்ணாம்புக் கோடு கிழித்துக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டார்கள். கட்டம் அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும், மகனிடமிருந்து பேரனுக்குப் போகும். பெண் கேட்டு வருகிறவர்கள் மாப்பிள்ளைக்கு எத்தனை ஏக்கர் என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை கட்டம் என்றுதான் கேட்பார்கள். பெண்களுக்குக் கட்டம் கிடையாது. மிளகாயைக் கொட்டிப் பரப்பி, பலகையால் கிளறி, சாயங்காலம் குவித்து, சாக்குப் போட்டு மூடி, மறுநாள் மறுபடியும் பரப்புவது அவர்கள்தான் என்றாலும் அவர்கள் நின்ற இடத்தில் ஒரு சாண்கூட அவர்கள் பேரில் இருந்ததில்லை. சாத்தையாவோ சைக்கிள் கடை வைத்துப் பிழைக்க வந்த வெளியூர்க்காரர், அவருக்கும் கட்டம் கிடையாது. ஆகவே ராக்கம்மா நாற்பத்தொரு வயது வரை அடுத்தவர் கட்டங்களில்தான் கூலிக்குக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அந்த வயதில் ஒரு தை மாதம், உச்சி வெயிலில், செல்லத்தாய் வீட்டுக் கட்டத்தில் மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்தவள் பலகையோடு தரையைவிட்டு எழும்பி நாலடி உயரத்தில் நின்றாள். செல்லத்தாய் நிமிர்ந்து பார்த்து, "ஏ ராக்கு, ஒன் நெழலு எம் மொளகாயில விழுது, அங்கிட்டுத் தள்ளிக்க" என்றாள். ராக்கம்மா தள்ளிக்கொண்டாள். அன்றைக்கு அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் பேசவில்லை, ஏனென்றால் வேலை கிடந்தது.

மறு வாரத்திலிருந்து ஊருக்கு அவள் பறப்பதில் பல உபயோகங்கள் தெரிய ஆரம்பித்தன. கிளி விரட்டக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்து ஓட்டில் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துச் சொல்லக் கூப்பிட்டார்கள். காணாமல்போன ஆடு எந்தக் காட்டில் நிற்கிறது, கோபித்துக்கொண்டு கிளம்பிய மருமகள் பஸ் ஏறிவிட்டாளா இல்லை பாலத்திலேயே உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்த்துவரச் சொன்னார்கள். ஒரே ஒரு சங்கடம்தான் இருந்தது. ஏறுவது அவளுக்குச் சுலபமாக வந்ததே தவிர, இறங்கும்போது வேகம் அடங்காமல் ஐம்பது அறுபது எட்டு ஓடித்தான் நிற்க முடிந்தது. அந்த ஓட்டத்தில் யார் வீட்டுக் கட்டம் காலடியில் வந்தாலும் மிளகாய் நொறுங்கி, தூள் கிளம்பி, ஊரே தும்மியது.

தும்மலைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்காதவர் ஒருவர்தான். அவர் தவசியாண்டி, ராக்கம்மாவின் தாய்மாமன், மேட்டின் நட்ட நடுவில் அறுபது அடி நீளக் கட்டம் வைத்திருந்தவர். அவரே ஒருநாள் மந்தையில் ஊரைக் கூட்டினார்.

"நான் அண்ணாந்து பாத்தா வானம் தெரியணும்" என்றார் தவசியாண்டி. "சேலை தெரியக் கூடாது. ஆம்பளை தலைக்கு மேல பொம்பள காலு போறதை இந்த ஊரு எந்தக் காலத்துல பாத்திருக்கு?"

"சேலைக்கு அடியில அவுக பேண்ட்டைத்தான் மாமா போட்டிருக்கேன்" என்றாள் ராக்கம்மா. "இருந்தாலும் ஒங்களுக்கு ஒறுத்துச்சுன்னா, அண்ணாந்து பாக்காதீங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்காகவே தவசியாண்டி மனு எழுதினார். மனு ஒரு வருடம் மேசை மேசையாக ஏறி, வானத்தைக் கவனித்துக்கொள்ளும் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. உரிய லைசென்ஸ் இல்லாமல் முழங்கால் உயரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்று அங்கிருந்து பதில் வந்தது. ராக்கம்மா அந்தக் கடிதத்தைச் சாத்தையாவிடம் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு தன் முழங்காலைத் தையற்காரரிடம் காட்டி அளந்துகொண்டாள். அன்றிலிருந்து ஏழு மாதம் கடைக்கும், கண்மாய்க்கும், கல்யாண வீட்டுக்கும், துட்டி வீட்டுக்கும் சரியாகப் பத்தொன்பது அங்குல உயரத்தில் போய்வந்தாள். தவசியாண்டி வீட்டு வாசல் வழியாக மட்டும் ஒரு நாளைக்கு மூன்று முறை போனாள். போலீஸ்காரர் ஒருவர் அடிக்குச்சியோடு வந்து அளந்து பார்த்துவிட்டு, மோர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"எத்தனை நாளைக்கு இப்படியே திரிவ?" என்று சாத்தையா கேட்டார்.

"லைசென்ஸுதானே கேக்குறாக. எடுத்துருவோம்."

அதற்குப் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்று இருந்தது. அவள் தேறியிருந்தாள். பொட்டைப்பிள்ளைக்கு எதற்குப் பத்து என்று தவசியாண்டி அந்தக் காலத்திலேயே சொல்லிப் பார்த்தும் கேட்காமல் தேறியது அது. சான்றிதழ் தகரப் பெட்டியின் அடியில் அந்துருண்டை வாசனையோடு கிடந்தது. டவுனில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி இருந்தது. அதன் ஒரே விமானத்தில் எலி புகுந்து ஒயரையெல்லாம் கடித்துவிட்டதால், கேப்டன் ஜெனிட்டா என்ற இருபத்தாறு வயது நாகர்கோவில் பெண் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தும் ஏற்றிப்போக வண்டி இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். ராக்கம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அக்கா, உங்களுக்கு எலித் தொந்தரவு கிடையாதுல்லா" என்று மட்டும் கேட்டுப் பதிவேட்டில் பெயரை எழுதிக்கொண்டாள்.

மருத்துவப் பரிசோதனையில் எடை மிஷின் முள் அசையவே இல்லை. டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, கொஞ்சம் மனசு வச்சு நில்லுங்க" என்றார். அவள் வீட்டுக் கவலைகளை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு நின்று ஐம்பத்தொரு கிலோ காட்டினாள். பாடப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பொட்டலக் காகிதங்களைப் படித்துப் படித்தே ஆங்கிலம் கற்ற சாத்தையா, பஞ்சர் ஒட்டிக்கொண்டே ஒவ்வொரு பக்கமாக வாசித்துத் தமிழில் சொன்னார். காற்றைப் பற்றியும் வானத்துச் சட்டங்களைப் பற்றியும் திசைகாட்டி பொய் சொல்லும் சமயங்களைப் பற்றியும் அந்தக் கடையில் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவர்களெல்லாம்கூடத் தெரிந்துகொண்டார்கள். எழுத்துப் பரீட்சையில், கறுத்து உயர்ந்து தலை பட்டறைக் கல்போல் விரிந்த மேகத்தைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கேள்வி வந்தது. முக்கால் மணி நேரத்துக்குள் மிளகாயைக் குவித்துச் சாக்குப் போட்டு மூட வேண்டும் என்று அவள் எழுதினாள். அதற்கு முழு மதிப்பெண் கிடைத்தது.

மாணவரோடு ஆசிரியரும் பறந்தாக வேண்டும் என்பது விதி. ஆகவே ஜெனிட்டாவைப் பிள்ளையைக் கட்டுவதுபோல் சேலையால் முதுகில் கட்டிக்கொண்டு ராக்கம்மா பறந்தாள். இடது தோளில் தட்டினால் இடது பக்கம், வலது தோளில் தட்டினால் வலது பக்கம், பிடரியில் தட்டினால் இறக்கம். அது மழைக்காலம், மேட்டில் மிளகாய் இல்லை, இறங்கி ஓட இடம் தாராளமாகக் கிடந்தது. சாத்தையா தன் பழைய பேண்ட்டின் ஒற்றைக் காலை வெட்டி ஒரு கம்பத்தில் கட்டிக் காற்றுப்பை செய்தார். அது எந்தப் பக்கம் உப்புகிறது என்று பார்த்துத்தான் அவள் ஏறினாள், இறங்கினாள். ஏறிய நேரமும் இறங்கிய நேரமும் ஒரு நீல நோட்டில் விழுந்தன. விதி கேட்ட நாற்பது மணி நேரம் முடியும் தறுவாயில், ஒரு மார்கழிக் காலையில், ஜெனிட்டா முடிச்சை அவிழ்த்துத் தரையில் நின்றுகொண்டு, "இனி நீங்களாப் போங்க அக்கா" என்றாள். முதுகுச் சுமை இல்லாமல் அவள் எகிறிய எகிறலில் கருவேலங்காட்டுக் கொக்குகள் வழிவிட்டன. மூன்று சுற்று சுற்றி இறங்கினாள்.

கூடி நின்ற பெண்களிடம் ஜெனிட்டா, "முதல் தடவை தனியாப் பறந்து வந்தா தலையில தண்ணி ஊத்துறது எங்க பழக்கம்" என்றாள். அவள் நினைத்துச் சொன்னது ஒரு வாளித் தண்ணீரும் கொஞ்சம் கைத்தட்டலும்.

செல்லத்தாய் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். "மொதத் தடவைன்னு சொல்ற, தலைக்குத் தண்ணின்னு சொல்ற. அப்ப சடங்குன்னு சொல்லு."

சடங்கு என்று ஆன பிறகு அதை யாராலும் தடுக்க முடியவில்லை. மார்கழியில் நல்ல காரியம் ஆகாது என்று தை பிறக்கும் வரை ராக்கம்மாவைத் தலைக்குக் குளிக்கவே விடவில்லை. பிளேன் மேட்டு ஓரத்தில் பச்சை ஓலை வெட்டிக் குடிசை போட்டார்கள். உளுந்தங்களி கிண்டினார்கள். தாய்மாமன் சீர் இல்லாமல் சடங்கு ஏது என்று, வெற்றிலைத் தட்டோடு சாத்தையாவைத் தவசியாண்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"நாப்பத்து மூணு வயசுப் பொம்பளைக்குச் சடங்கா?" என்றார் தவசியாண்டி. "மாப்ள, ஒங்களுக்கும் கழண்டு போச்சா?"

"வயசுக்கு வந்தப்ப நீங்கதான் மாமா செஞ்சீக. இது வானத்துக்கு வந்ததுக்கு."

தவசியாண்டி வெற்றிலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் மூன்று பேத்திகள் இருந்தார்கள். சீர் கொண்டுவராத மாமன் வீட்டுக்கு யாரும் சீர் கொண்டுபோக மாட்டார்கள். அவர் தட்டை வாங்கிக்கொண்டார்.

இதற்குள் அலுவலகத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்திருந்தது. மாசி மாதம் பரிசோதகர் வருவார். எழுநூறு அடி நீளமும் பன்னிரண்டு அடி அகலமும் உள்ள, குறுக்கே எந்தத் தடையும் இல்லாத இறங்குபாதை விண்ணப்பதாரர் பேரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி, மறுபடி கேட்கவும் முடியாது. அப்போது மிளகாய் வந்து மேடு நிறைந்துவிட்டது. சாத்தையா வீடு வீடாகப் போய்க் கேட்டார். சிலர் யோசித்தார்கள், சிலர் வீட்டுக்குள் போய்ப் பெண்டாட்டியிடம் பேசிவிட்டு வெளியே வந்தபோது வேறு முகத்தோடு வந்தார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு அடி ஒதுக்கி, இரண்டு பக்கத்திலிருந்தும் பாதை வளர்ந்து வந்து, நட்ட நடுவில் தவசியாண்டி கட்டத்தில் முட்டி நின்றது. அவர் அங்கே தன் மிளகாயை அம்பாரமாகக் குவித்து, "எங் கட்டத்துல எம் மொளகா காயும்" என்று சொல்லிவிட்டார். அறுபது அடிதான் பாக்கி. அதற்கு முன்னால் நாற்பது மணி நேரமும், பஞ்சர் கடையில் படித்த அத்தனை பக்கங்களும் ஒன்றுமில்லாமல் நின்றன.

சடங்கன்று ராக்கம்மாவை மனையில் உட்காரவைத்து மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஏழாவது சொம்பு விழுந்ததும் அவள் மனையைவிட்டு எழும்பி, குடிசை ஓலையை விலக்கிக்கொண்டு எட்டடி உயரத்தில் போய் ஈரம் சொட்டச் சொட்ட நின்றாள். மேளக்காரர்கள் ஒரு கணம் நிறுத்திவிட்டு மறுபடி வாசித்தார்கள். தவசியாண்டி பட்டும் மாலையும் வைத்த தட்டோடு கீழே நின்றார். மாலையை மாமன்தான் போட வேண்டும்.

"எறங்குத்தா" என்றார்.

"இங்கிட்டு வந்து போடுங்க மாமா."

மிளகாய்க் கிட்டங்கியிலிருந்து ஏணி வந்தது. எழுபத்திரண்டு வயதில், ஊர் பார்க்க, மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு தவசியாண்டி ஏறினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சாத்தையா.

"மாப்ள, நல்லாப் புடிங்க" என்றார் தவசியாண்டி பாதி ஏணியிலிருந்து.

"இதுவரைக்கும் புடிச்சுக்கிட்டுத்தான் மாமா இருக்கேன்" என்றார் சாத்தையா.

மேலே போனதும் ராக்கம்மா கழுத்தை நீட்டவில்லை. "பட்டு வேண்டாம் மாமா. நான் கேக்குற சீரைக் குடுங்க."

"என்ன கேக்குற? தோடா, சங்கிலியா?"

"ஒங்க கட்டத்துல பன்னெண்டு அடி."

மேளம் தானாக நின்றது. சடங்கில் மருமகள் வாய்விட்டுக் கேட்ட சீரை இல்லை என்று சொன்ன மாமன் அந்தப் பக்கத்தில் அதுவரை இருந்ததில்லை. தவசியாண்டி முகத்தைத் திருப்பினார். அப்படித் திருப்பியபோது, பிறந்ததிலிருந்து தான் நடந்து திரிந்த மேட்டை முதல்தடவையாக மேலிருந்து பார்த்தார். கண்ணுக்கு எட்டியவரை சிவப்பு, அதன் நடுவே சாம்பல் நிறத்தில் நேராக ஒரு கோடு, அந்தக் கோட்டின் குறுக்கே சளிக் கட்டிபோல் அவருடைய குவியல். தரையில் நின்று பார்த்தபோது அது இப்படித் தெரிந்ததில்லை. ஊருக்கே இது தெரியுமா என்று அவர் கேட்டிருந்தால், பறக்கிற ஒருத்திக்குத் தினமும் தெரியும் என்று சாத்தையா சொல்லியிருப்பார். அவர் கேட்கவில்லை.

"எடுத்துக்க" என்றார். "ஆனா என் வீட்டு மேல பறக்காத."

"பறப்பேன் மாமா. காத்து அப்படித்தான் அடிக்குது."

அவர் மாலையைப் போட்டார். அவர் ஏணியில் நின்றதால் ராக்கம்மா கொஞ்சம் தணிந்து, குனியாமலே அவர் காலைத் தொட்டுக் கும்பிட முடிந்தது. கருவக்கோட்டையில் ஒரு பெண்ணின் பேருக்கு இடம் எழுதப்பட்டது அதுவே முதல்தடவை. மறுநாள் செல்லத்தாயும் மற்றப் பெண்களும் விளக்குமாறும் சுண்ணாம்புமாக வந்து எழுநூறு அடிக்கும் கரை போட்டார்கள்.

மாசியில் வந்த பரிசோதகர் மெலிந்த மனிதர், மிளகாய் நெடிக்குக் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். முதுகில் ஏற மறுத்து, தரையில் நின்றபடியே பைனாகுலரில் பார்த்தார். எட்டு போடச் சொன்னார், போட்டாள். காற்றுக்குக் குறுக்கே இறங்கச் சொன்னார், இறங்கினாள், கரைக்கு வெளியே ஒரு மிளகாய் நொறுங்கவில்லை. கடைசியாக, "நடு வானத்தில் இன்ஜின் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

"நின்னுச்சுன்னா நான் செத்துட்டேன்னு அர்த்தம் சார்."

"அப்போதும் பத்திரமாகத் தரையிறக்க வேண்டும்."

"அது உங்க வண்டிக்கு சார். நான் எறங்க மாட்டேன்."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். பங்குனியில் லைசென்ஸ் வந்தது. ராக்கம்மா அதை நெகிழி உறையில் போட்டுச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு, முதல் காரியமாகத் தவசியாண்டி வீட்டுக்கு மேலே ஒரு பனை உயரத்தில், அவசரமில்லாமல் பறந்தாள். அவர் வாசலில் கட்டிலில் படுத்திருந்தார், அண்ணாந்துதான் படுத்திருந்தார்.

அதன் பிறகு மூன்று வருடம் கருவக்கோட்டை மிளகாய் ஒரு பழம்கூட நனையவில்லை. தினமும் காலையில் அவள் ஏறிக் கிழக்கே கடல் வரை மேகத்தைப் பார்ப்பாள். மூன்று விசில் கேட்டால் ஊரே சாக்கோடு மேட்டுக்கு ஓடும்.

அந்தச் சித்திரைக் காலையிலும் மூன்று விசில் கேட்டது. உலையை இறக்கி வைத்துவிட்டுச் சாத்தையாவும் ஓடினார். கடைசிக் கட்டத்தை மூடி முடித்தபோது முதல் துளி விழுந்தது, பிறகு ஒரே ஒரு இடி. மழை விட்ட பிறகு சாயங்காலம் கண்மாய்க்கரைக் கருவ மரங்களுக்கு நடுவே அவளைப் பார்த்தார்கள். உயிர் இல்லை. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், மல்லாந்து, விளக்கு இரண்டும் எரிந்துகொண்டிருக்க, மிதந்துகொண்டிருந்தாள்.

பாடையைத் தூக்க நாலு பேர் வேண்டும் என்பது வழக்கம். அவளுக்கு அழுத்திப் பிடிக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. பிறந்த வீட்டுக் கோடித் துணியைக் கொண்டுவந்த தவசியாண்டி, நெஞ்சில் ஒரு கல் வைக்கலாமே, வழியில் போய்விட்டால் என்ன செய்வது என்றார். "கல்லு வைக்கக் கூடாது மாமா" என்றார் சாத்தையா. அவர் குரல் உயர்ந்து அதுவரை யாரும் கேட்டதில்லை. அப்போதும் உயரவில்லை, ஆனால் கல்லைக் கையில் எடுத்திருந்தவர் கீழே போட்டுவிட்டார். சைக்கிள் டியூபால் தளர்வாகக் கட்டி, அவள் பாதை வழியாகவே கொண்டுபோய்த் தீ வைத்தார்கள். மறுநாள் சாம்பல் அள்ளப் போனபோது அங்கே வெந்த மண் மட்டும் இருந்தது. சாம்பலும் மேலே போய்விட்டிருந்தது.

மூன்று மாதம் கழித்து, காலமானவரின் லைசென்ஸைத் திருப்பி அனுப்பவும் என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சாத்தையா வானத்துச் சட்டப் புத்தகத்தை மறுபடி எடுத்து நான்கு நாள் படித்தார். பிறகு தன் கையால் ஒரு பதில் எழுதினார். அந்த லைசென்ஸ்காரர் சித்திரை மாதம் காலை ஆறு பத்துக்கு ஏறினார். நோட்டில் இறங்கிய நேரம் பதிவாகவில்லை, உடம்போ சாம்பலோ எந்த நிலையிலும் தரையைத் தொடவில்லை என்பதற்கு ஊர்க்காரர் நாற்பது பேர் சாட்சி. பறந்துகொண்டிருக்கும்போது லைசென்ஸ் கூடவே இருக்க வேண்டும் என்று உங்கள் விதியே சொல்லுகிறது. ஆகவே கொடுப்பதற்கில்லை. அதற்குப் பதில் வரவில்லை.

அடுத்த தையில் தவசியாண்டியின் மகன்கள் இரண்டு பேரும் சாக்கு மூட்டைகளோடு பாதைக்கு வந்தார்கள். சாத்தையா சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி, அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, மதினிதான் போயிட்டாகளே" என்றான் மூத்தவன். "சும்மா கெடக்குற எடந்தானே?"

"போனா. எறங்கிட்டாளா?"

இளையவன் மூட்டையைக் கீழே வைத்தான்.

"எறங்குனதை நீ பாத்தியா தம்பி? யாரு பாத்தா, கூட்டிக்கிட்டு வா. மொளகாயை நானே பரப்பித் தாரேன்."

செல்லத்தாய் தன் கட்டத்திலிருந்து பலகையோடு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்து நின்றார்கள். கடைசியில் தடியை ஊன்றிக்கொண்டு தவசியாண்டியே வந்து, மூட்டைகளைப் பார்த்து, மகன்களைப் பார்த்து, "தூக்குங்கடா" என்றார். "குடுத்த சீரைத் திருப்பி வாங்குன வீடுன்னு பேரு எடுக்கவா?" அதைச் சொல்லிவிட்டு ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

இந்தத் தையிலும் மேடு முழுக்க மிளகாய் காய்கிறது. நடுவே பன்னிரண்டு அடி அகலத்துக்கும் எழுநூறு அடி நீளத்துக்கும் தரை வெறுமையாக இருக்கிறது.